ஆற்றில் போட்டாலும் அளந்து போடு



ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 3-ஆம் தேதி உலக மாற்றுத்திறனாளிகள் தினம். 1992-இல் ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த நாள் அது. அந்த வாரத்தில் நமது மாணவர் பேரவை சார்பில் உண்டியல் தூக்கிக்கொண்டு கடைவீதிக்குப் போவது வழக்கம். கைலாசபுரம் டவுன்ஷிப், திருவெறும்பூர் பஸ் ஸ்டாப் என்று சுற்றி, சேர்ந்த பணத்தை அருகில் உள்ள ஒரு சிறப்புக் குழந்தைகள் இல்லத்துக்குக் கொடுப்போம். போட்டோ எடுத்துக்கொள்வோம். அந்தப் போட்டோ இந்த மாதிரி மலரில் வரும். அதோடு அந்த விஷயம் முடிந்துவிடும்.

இந்த முறை முடியவில்லை.

டவுன்ஷிப் கடைவீதியில் ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர் இருபது ரூபாய் போட்டுவிட்டு நின்றார். "தம்பி, போன வருஷமும் போட்டேன். அது என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"ஹோமுக்குக் குடுத்துட்டோம் சார்."

"சரி. அவங்க என்ன பண்ணாங்க?"

என்னிடம் பதில் இல்லை. அவர் கோபப்படவில்லை. "நான் பாய்லர்ல வேலை பார்த்தவன். இவ்வளவு நிலக்கரி உள்ளே போச்சுன்னா எவ்வளவு நீராவி வந்துச்சுன்னு கேப்போம். அதைத்தான் இங்கேயும் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. வெயிலில் நின்று வசூல் பண்ணியவர்களைச் சந்தேகப்படுகிறாரே என்று நினைத்தேன். யோசிக்க யோசிக்க அவர் கேட்டதுதான் சரி என்று பட்டது. அந்தக் கேள்விக்கு விடை தேடியதில் தெரிந்துகொண்டதை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

கேட்டால் ஏன் கோபம் வருகிறது?

தருமம் செய்யும் இடத்தில் கணக்குக் கேட்பது பாவம் என்று நம் ஊரில் ஓர் எண்ணம் இருக்கிறது. "புண்ணியத்துக்கு உழுத மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தானாம்" என்பார்கள். அதே நம் பாட்டிமார்தான் "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்றும் சொல்லி வைத்திருக்கிறார்கள். காவிரிக் கரையில் இருக்கிற நமக்கு அந்தப் பழமொழியை விளக்க வேண்டியதில்லை. ஆற்றில் போட்டது திரும்பி வராது. ஆனாலும் எவ்வளவு போட்டோம் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என் அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். யார் உண்டியல் நீட்டினாலும் போடுவார். ரசீது கொடுத்தால் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் ரசீதைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அப்பா மாதிரி பத்தும் இருபதுமாகப் போடுகிறவர்களின் பணத்தில்தான் பல இல்லங்கள் ஓடுகின்றன. அவர்களால் கேட்க முடியாது. படித்த நாமாவது கேட்க வேண்டாமா?

வெப்பக் கணக்குப் பாடம்

மெக்கானிக்கல் மாணவர்களுக்கு நான் சொல்ல வருவது சுலபமாகப் புரியும். தெர்மல் லேபில் டீசல் எஞ்சினுக்கு 'ஹீட் பேலன்ஸ் ஷீட்' போடுகிறோம் அல்லவா? உள்ளே போன டீசலின் மொத்த வெப்பத்தை 100 என்று வைத்துக்கொள்கிறோம். அதில் உருப்படியான வேலையாக வந்தது எவ்வளவு, கூலிங் வாட்டர் கொண்டுபோனது எவ்வளவு, எக்ஸாஸ்டில் போனது எவ்வளவு என்று அளந்து எழுதுகிறோம். கடைசியில் ஒரு வரி மிஞ்சும். அதுதான் 'அன்அக்கவுண்டட் லாஸ்', அதாவது கணக்கில் வராத இழப்பு.

முதல் விஷயம், எந்த எஞ்சினும் நூற்றுக்கு நூறு வேலை செய்யாது. அதே மாதிரி ஒரு இல்லத்துக்குப் போகிற பணம் முழுவதும் குழந்தையின் தட்டில் சோறாக விழாது. ஆயா சம்பளம், கரண்ட் பில், ஆடிட்டர் கட்டணம், வண்டி டீசல் எல்லாம் வேண்டும். நிர்வாகச் செலவு இருக்கிறது என்பதாலேயே ஊழல் என்று சொல்வது, எக்ஸாஸ்ட் சூடாக இருக்கிறதே என்று எஞ்சினைத் தூக்கிப் போடுகிற மாதிரி.

இரண்டாவது, கணக்கில் வராத இழப்பு வரியை யாரும் மறைப்பதில்லை. ரெக்கார்டு நோட்டில் எழுதித்தான் கையெழுத்து வாங்குகிறோம். அது ரொம்ப அதிகமாக வந்தால் சார் என்ன சொல்வார்? "எங்கேயோ அளவு தப்பு. திரும்ப எடு" என்பார். "நீ திருடன்" என்று சொல்ல மாட்டார். நிதிக் கணக்கில் அந்த வரிக்குப் பெயர் 'இதர செலவுகள்'. அது பெரிதாக இருந்தால் திரும்ப அளக்க வேண்டும், அவ்வளவுதான்.

கல்லில் வெட்டிய கணக்கு

இது ஏதோ வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று நினைக்க வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டுகள், யார் எந்த நகையைக் கொடுத்தார்கள், அதன் எடை என்ன என்று வரிசையாகச் சொல்கின்றன. எடை போட்ட கல்லுக்கே 'ஆடவல்லான்' என்று பெயர். ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள். அந்த ஆடுகளை வாங்கிக்கொண்டவர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும்.

இதைக் கொஞ்சம் கவனியுங்கள். போனது 96 ஆடு, வர வேண்டியது தினம் ஓர் உழக்கு நெய். இரண்டும் கோயில் சுவரில் வெட்டப்பட்டிருக்கின்றன. எழுத்துத் தெரிந்த எவரும் படித்துப் பார்த்து, விளக்கு எரிகிறதா என்று தலை தூக்கிப் பார்க்கலாம். ஆயிரம் வருடத்துக்கு முன் ராஜாவே கணக்கைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார். இன்று ஒரு இல்லம் நோட்டீஸ் போர்டில் எழுதி வைப்பதில் என்ன கௌரவக் குறைச்சல்?

காகிதத்தில் மட்டும் நடந்தால்?

கேட்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டில் இரண்டு வழக்குகளைச் சொல்லலாம்.

மாற்றுத்திறனாளிகளுக்கு மூன்று சக்கர வண்டி, ஊன்றுகோல், காது கேட்கும் கருவி போன்றவை வழங்க 'ஆடிப்' என்ற மத்திய அரசுத் திட்டம் 1981 முதல் இருக்கிறது. அதன்கீழ் 2009-10இல் டாக்டர் ஜாகிர் உசேன் நினைவு அறக்கட்டளைக்கு உத்தரப் பிரதேசத்தின் 17 மாவட்டங்களுக்காக 71.50 லட்சம் ரூபாய் கிடைத்தது. அப்போது மத்திய அமைச்சராக இருந்த சல்மான் குர்ஷித்தின் குடும்பத்தார் நடத்திய அறக்கட்டளை அது. அவர் மனைவி லூயிஸ் குர்ஷித் திட்ட இயக்குநர். 2012 அக்டோபரில் 'ஆஜ் தக்' தொலைக்காட்சி, நடந்ததாகக் காட்டப்பட்ட முகாம்கள் பல நடக்கவே இல்லை, சான்றிதழ்களில் அதிகாரிகள் கையெழுத்துப் போலி என்று செய்தி வெளியிட்டது. அறக்கட்டளை அதை முற்றிலும் மறுத்தது. பத்திரிகையாளர் கூட்டம் நடத்தி, போட்டோக்களைக் காட்டியது. 2017-இல் போலீஸ் வழக்குப் பதிவானது. 2024 மார்ச்சில் அமலாக்கத்துறை அறக்கட்டளையின் சுமார் 46 லட்ச ரூபாய் சொத்துகளை முடக்கியது. குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு என்பதை நாம் மறக்கக் கூடாது. ஆனால் ஒன்று யோசியுங்கள். பணம் போனது 2009-10இல். ஊருக்கு ஊர் அன்றைக்கே நாலு பேர் "எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை வண்டி?" என்று கேட்டிருந்தால், உண்மை எந்தப் பக்கம் இருந்தாலும் அன்றைக்கே வெளியே வந்திருக்கும். அறக்கட்டளை சொன்னதுதான் சரி என்றால், அதற்கும் இத்தனை வருட அவப்பெயர் இருந்திருக்காது.

இரண்டாவது சத்தீஸ்கர் மாநிலம் ராய்ப்பூரில். அங்கே ஒருவர் அரசு சார்ந்த வேறு இடத்தில் ஒப்பந்த ஊழியர். நிரந்தர வேலை கேட்டுப் போனபோது, தான் ஏற்கெனவே மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வு மையம் ஒன்றில் சம்பளம் வாங்குவதாகத் தன் பெயர் பதிவாகியிருப்பது தெரிந்தது. அப்படி ஒரு வேலையில் அவர் சேரவே இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, கிடைத்த காகிதங்களோடு 2018-இல் உயர்நீதிமன்றம் போனார். மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனங்கள் காகிதத்தில் மட்டும் இயங்கி, இல்லாத ஊழியர்களுக்குச் சம்பளம் போனதாக அவர் குற்றம்சாட்டினார். 2020 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. அதன்பின் வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது.

இரண்டு வழக்கிலும் ஒரு பொது அம்சம் உண்டு. கணக்குப் புத்தகம் சரியாகக் கூட்டினால் மட்டும் போதாது. காகிதத்தில் இருக்கிற ஆள், பொருள், நாள் இந்த மூன்றும் தரையில் இருக்கிறதா என்று கண்ணால் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கணக்கு எங்கே இருக்கிறது?

"கேட்கலாம், யாரிடம் போய்க் கேட்பது?" என்பதுதான் அடுத்த கேள்வி. ஒரு தொண்டு நிறுவனத்தின் கணக்கு அதன் பீரோவில் மட்டும் இல்லை. பல இடங்களில் அது தாக்கல் ஆகியிருக்க வேண்டும்.

ஒன்று, பதிவாளர் அலுவலகம். சங்கமாகப் பதிவு செய்தவர்கள் 1975-ஆம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி வருடாவருடம் வரவு செலவுக் கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். அறக்கட்டளை என்றால் அதன் பத்திரம் சார்பதிவாளர் ஆபீஸில் பதிவாகியிருக்கும். ஆனால் மகாராஷ்டிராவில் அறக்கட்டளைகளைக் கண்காணிக்க அறநிலைய ஆணையர் இருப்பது போன்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் இல்லை. ஆகவே சங்கமா, அறக்கட்டளையா என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டு, வருமான வரித் துறை. வரிவிலக்குப் பெற்ற நிறுவனம், ஒரு வருட வருமானத்தில் 85 சதவீதத்தைத் தன் நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டும். மிச்சம் 15 சதவீதத்தைச் சேர்த்து வைக்கலாம். கட்டடம் போன்ற பெரிய வேலைக்கு அதிகமாகச் சேர்க்க வேண்டுமானால் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். 80ஜி என்று எல்லோரும் சொல்கிற வரிச்சலுகை கொடையாளிக்குக் கிடைக்க வேண்டுமென்றால், ரொக்கமாகக் கொடுப்பது 2,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. "செக் வேண்டாம், கேஷாகவே கொடுங்க" என்று யாராவது பெரிய தொகை கேட்டால் நாம் கொஞ்சம் நிதானிக்கலாம்.

மூன்று, வெளிநாட்டுப் பணம். இதற்கு 2010-ஆம் வருடச் சட்டம் தனியாக இருக்கிறது. 2020-இல் அதைத் திருத்தி, நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தார்கள். வெளிநாட்டு நன்கொடை முதலில் புதுடெல்லி ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான் வந்து விழ வேண்டும். வருடக் கணக்கு உள்துறை அமைச்சகத்துக்குப் போக வேண்டும்.

நான்கு, அரசு மானியம். தீனதயாள் மறுவாழ்வுத் திட்டத்தில் சிறப்புப் பள்ளிகளுக்கும் இல்லங்களுக்கும் திட்டச் செலவில் 90 சதவீதம் வரை மத்திய அரசு கொடுக்கலாம். மானியம் வாங்கியவர்கள் நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் 'பயன்பாட்டுச் சான்றிதழ்' கொடுக்க வேண்டும். இந்தக் காகிதம் ரொம்ப முக்கியம். எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று நிறுவனமே கையெழுத்துப் போட்டுச் சொல்லும் வாக்குமூலம் அது.

ஐந்து, பதிவுச் சான்றிதழ். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, மாற்றுத்திறனாளிகளுக்கான தனியார் இல்லம் எதுவும் பதிவில்லாமல் நடக்கக் கூடாது.

இந்தக் காகிதங்களைப் பார்ப்பதற்கு வழி தகவல் உரிமைச் சட்டம். 1994-இல் ராஜஸ்தானில் அருணா ராய் முதலானோரின் அமைப்பு, கிராமத்து வேலைக்கான மஸ்டர் ரோலை ஊர் நடுவில் சத்தமாகப் படித்துக் காட்டியது. செத்துப்போனவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது ஊராருக்குத் தெரிந்தது. அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 2005-இல் மத்தியச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே 1997-இல் தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டது நமக்குப் பெருமை.

அரசுப் பணத்தைப் பெரும்பகுதியாக வைத்து நடக்கும் தனியார் நிறுவனங்களும் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று 2019 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் சொல்லிவிட்டது. சின்ன இல்லம், மானியமும் குறைவு என்றாலும் கவலையில்லை. அந்த மானியக் காகிதம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இருக்கும். அங்கே உள்ள பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, வெள்ளைத் தாளில் எழுதினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல் அதிகாரியிடம் முதல் முறையீடு, அதற்கும் மேல் மாநிலத் தகவல் ஆணையம்.

இங்கிலாந்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் கடைசி வருடக் கணக்கை யார் எழுதிக் கேட்டாலும் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். அமெரிக்காவிலும் வருடக் கணக்குப் படிவம் பொதுமக்கள் பார்வைக்கு உண்டு. அங்கெல்லாம் கணக்குக் கேட்கிறவனை யாரும் முறைத்துப் பார்ப்பதில்லை.

நாங்கள் கேட்ட கதை

இனி எங்கள் கதை. இல்லத்தின் பெயர் வேண்டாம். அது ஏன் என்று கடைசியில் உங்களுக்கே புரியும்.

இந்த முறை வசூல் 18,640 ரூபாய். கொடுப்பதற்கு முன் போன வருடக் கணக்கைக் காட்டும்படி பேரவை சார்பில் கடிதம் கொடுத்தோம். நிர்வாகி முகம் மாறிவிட்டது. "இருபது வருஷமா நடத்தறேன். தருமம் பண்ற இடத்துல வந்து கணக்குக் கேக்கறீங்களே" என்றார். நாங்கள் வெளியே வந்தபோது, அங்கே தங்கிப் படிக்கும் பையன் ஒருவனின் அம்மா கேட் அருகில் என்னைக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, "கேக்காதீங்க தம்பி. கோவத்துல எம்புள்ளய அனுப்பிச்சுட்டா நான் எங்க கொண்டுபோய் விடுவேன்?" என்றார்.

நண்பர்களே, இந்த விஷயத்தின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. கடையில் சாமான் சரியில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். இந்தத் தாய்க்கு அடுத்த கடை இல்லை. பலன் பெறுகிறவரால் கேட்க முடியாது. பணம் போடுகிறவருக்குக் கேட்கத் தோன்றாது. நடுவில் யாரும் இல்லாத இடத்தில் எதுவும் நடக்கலாம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் மனநல இல்லம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலருக்காகக் குடும்பங்கள் பணம் கட்டிக்கொண்டுதான் இருந்தன. உள்ளே போய்ப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

பேரவைக்குள்ளும் சண்டை வந்தது. "குழந்தைங்க காத்திருக்கு, குடுத்துடலாம்" என்று ஒரு கோஷ்டி. "கணக்கு வராம குடுக்கக் கூடாது" என்று ஒரு கோஷ்டி. நான் இரண்டாவது கோஷ்டி. ஏழு வாரம் பணம் பாங்கிலேயே கிடந்தது.

பிறகு நிர்வாகியே கூப்பிட்டு அனுப்பினார். ஆடிட் ரிப்போர்ட்டையும் நோட்டுகளையும் மேஜையில் வைத்தார். 'இதர செலவுகள்' என்ற வரிதான் பெரிசாக இருந்தது. எங்களுக்குள் பார்த்துக்கொண்டோம். அவர் வவுச்சர்களைப் பிரித்துக் காட்டினார். ராத்திரி ஆயாக்கள் இரண்டு பேர் சம்பளம், பெரிய பிள்ளைகளுக்கான டயப்பர், வலிப்பு மாத்திரை.

"இதை ஏன் சார் இதரத்துல போட்டீங்க?"

"சம்பளத்துக்குன்னு கேட்டா யாரு தம்பி குடுக்கறாங்க? எல்லாரும் பொறந்தநாளுக்கு அன்னதானம்தான் குடுப்பாங்க. ஒரே நாள்ல மூணு பேர் சாப்பாடு கொண்டுவந்து நிப்பாங்க. டயப்பருக்குன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் குடுத்ததில்ல."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கணக்கைத் திறந்து பார்த்ததில் வெளிப்பட்டது அவர் தப்பு இல்லை, கொடுக்கிற நம் தப்பு. நம் மனசுக்குப் பிடித்ததற்குக் கொடுக்கிறோமே தவிர, அங்கே என்ன தேவை என்று கேட்பதில்லை.

ஸ்டாக் ரிஜிஸ்டரில் வீல் சேர் 14 என்று இருந்தது. எண்ணினோம், ஓடுவது 6. மிச்சம் 8 பின்கட்டு ஷெட்டில். முன்சக்கர பேரிங் தேய்ந்தது, டயர் கிழிந்தது, பிரேக் கம்பி ஒடிந்தது. புது வீல் சேர் கொடுக்க ஆள் இருக்கிறது, ரிப்பேருக்குக் காசு கொடுக்க ஆள் இல்லை. அதில் ஐந்தை நம் ஒர்க் ஷாப்பில் நாங்களே சரி செய்து கொடுத்தோம். மூன்றுக்கு ஸ்பேர் கிடைக்கவில்லை. அவற்றையும் 'உபயோகமற்றது' என்று ரிஜிஸ்டரில் எழுத வைத்தோம். இப்போது எண்ணிக்கை சரியாக இருக்கிறது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பணம் பாங்கில் கிடந்த அந்த ஏழு வாரமும் டயப்பரை மெடிக்கல் ஷாப்பில் கடனுக்கு வாங்கியிருக்கிறார்கள். நிர்வாகி அதைக் குறையாகச் சொல்லவில்லை, நோட்டில் இருந்தது, நான் படித்தேன். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. கேட்டது தப்பில்லை. டிசம்பரில் உண்டியலைத் தூக்கிய பிறகு கேட்டதுதான் தப்பு. ஜூன், ஜூலையிலேயே கேட்டிருக்க வேண்டும்.

கேட்பதற்கும் முறை உண்டு

எங்கள் அனுபவத்தில் கற்றதை அடுத்த பேரவைக்காக எழுதி வைக்கிறேன்.

வசூலுக்கு முன்பே, வருடா வருடம் ஒரே தேதியில், எல்லா இல்லங்களிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். ஒருவரை மட்டும் கேட்டால்தான் அது சந்தேகம். எல்லோரையும் கேட்டால் வழக்கம்.

மூன்று காகிதம் போதும். பதிவுச் சான்றிதழ், கடைசி வருட ஆடிட் ரிப்போர்ட், அரசு மானியம் உண்டென்றால் பயன்பாட்டுச் சான்றிதழ்.

பிறகு ஆள், பொருள், நாள் எண்ணுங்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை ஊழியர்கள், வாரத்தில் எத்தனை நாள் பிசியோதெரபி. பிள்ளைகளின் பெயரையும் போட்டோவையும் கேட்காதீர்கள். எண்ணிக்கை தெரிந்தால் போதும், அவர்கள் மானம் நமக்குக் கணக்குக் காகிதம் அல்ல.

'இதர செலவுகள்' பெரிசாக இருந்தால் குற்றம்சாட்டாமல் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆதாரம் கையில் இல்லாமல் வெளியே பேசாதீர்கள். ஒரு இல்லத்தின் பெயர் கெட்டால் பட்டினி கிடப்பது உள்ளே இருக்கும் பிள்ளைகள்தான். நான் பெயர் எழுதாததற்கு அதுதான் காரணம். உண்மையாகவே தப்பு இருக்கிறது என்று காகிதம் சொன்னால், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் எழுத்து மூலம் கொடுங்கள்.

கடைசியாக, நம் கணக்கையும் காட்டுங்கள். இந்த வருட உண்டியல் வசூல், செலவு, இல்லத்தில் கொடுத்தது எல்லாம் நம் கல்லூரி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறோம். கடைவீதிப் பெரியவரைத் தேடிப் போய் அவரிடமும் ஒரு நகல் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்துவிட்டு, ஓர் இடத்தில் கூட்டல் தப்பு என்று காட்டினார். சரிதான், நாற்பது ரூபாய் இடித்தது. திருத்தி ஒட்டினோம்.

அந்த இல்லத்திலும் இப்போது ஒரு பக்கக் கணக்கைத் தமிழில் எழுதி வாசலில் ஒட்டியிருக்கிறார்கள். வீல் சேர் கொடுக்கப் போன அன்று, கேட் அருகில் பேசிய அந்த அம்மா என்னைப் போர்டு முன்னால் நிறுத்தி, "எம்புள்ளைக்கு உடற்பயிற்சி வாரத்துல எத்தினி நாள்னு போட்டிருக்கு, படிச்சுச் சொல்லு தம்பி" என்றார். மூன்று நாள் என்று இருந்தது. "ரெண்டு நாள்தான வராங்க" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே உள்ளே போய் நிர்வாகியிடம் கேட்டார். சனிக்கிழமை வருகிற டாக்டர் நின்றுபோய்விட்டாராம். அடுத்த வாரம் போர்டில் மூன்று இரண்டாக மாறியிருந்தது. பக்கத்தில் 'ஒரு நாளுக்கு ஆள் தேவை' என்று எழுதியிருந்தார்கள்.

கேட்க பயந்த தாய் கேட்டார். அவர் பிள்ளையை யாரும் வெளியே அனுப்பவில்லை. ஆற்றில் போடுவதையே அளந்து போடச் சொன்னவர்கள் நம் முன்னோர்கள். அந்தப் பிள்ளைகளின் தட்டில் போடுவதை அளக்காமல் விடலாமா? வரும் ஆண்டில் நாம் தூக்கப்போகிற உண்டியலோடு ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கட்டும் நண்பர்களே!

- மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு